துறைமுகம் சூட்டிய பெயர்கள்: ஒயினும் கள்ளும்

ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் மீன் வாங்க வருபவர் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேட்பார்: எந்தப் பக்கத்துக் கடலில் பிடித்தது, எப்போது பிடித்தது. கண், செவுள், செதில் ஆகியவற்றைப் பார்த்து விடையைச் சரிபார்த்துக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். அதே மனிதர் மாலையில் மதுக்கடைக்குச் சென்றால் கேட்பது அளவு, விலை, நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றுதான். இது எந்த மண்ணில் விளைந்தது என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. எழுந்தாலும் அதற்கு விடை கிடையாது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்து அடைத்த புட்டி அது. 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுவகை' என்று அதற்குக் கலால் துறை வைத்திருக்கும் பெயரைச் சற்று நின்று வாசித்தால், அப்பொருள் இந்நாட்டுக்கும் உரியதன்று, அந்நாட்டுக்கும் உரியதன்று என்பதை அரசே எழுதித் தந்திருப்பது விளங்கும். தமிழ்ப் பேச்சு வழக்கு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒயின் அரிதாகவே விற்கும் அக்கடைக்கு 'ஒயின்ஷாப்' என்றே பெயர் சூட்டிவிட்டது.

உலகின் ஒயின் வட்டாரங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து தொடங்குகின்றன. ஷாம்பேனின் சுண்ணப் பாறை, டோரோ பள்ளத்தாக்கின் பலகைக்கல், மோசெல் ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவு என்று அடுக்கி, ஒவ்வொரு நிலமும் தனக்குரிய மதுவைத் தானே ஈன்றது போன்ற ஒரு தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன. 'டெர்வார்' என்னும் பிரெஞ்சுச் சொல் இந்நம்பிக்கையின் மந்திரம். மண்ணும் தட்பவெப்பமும் சுவையை மாற்றும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மது தன் ஊர்ப்பெயரால் உலகெங்கும் அறியப்படுவதற்கு மண் மட்டும் போதியதாக இருந்ததில்லை. பெயரைத் தந்தது பெரும்பாலும் துறைமுகம். அந்தப் பெயரைக் காத்தது சட்டம். இதை எண்ணிப் பார்க்க, ஒரு கொடிமுந்திரியும் விளையாத, ஆனால் எல்லாமே கப்பலில் வந்து இறங்கும் அந்தமான் பொருத்தமான இடமே.

போர்ட் ஒயின் இதற்கு வெளிப்படையான சான்று. திராட்சை விளைவது டோரோ ஆற்றின் மேற்பகுதியில். பெயரோ ஆறு கடலில் கலக்கும் போர்ட்டோ நகரத்தினுடையது. 1703இல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் செய்துகொண்ட மெத்துவன் உடன்படிக்கை போர்ச்சுக்கீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த வரியை உறுதிசெய்தது. இலண்டன் குடிக்கத் தொடங்கியது. கடற்பயணத்தில் கெடாதிருக்கவும், பின்னர் ஆங்கிலேயர் நாவுக்கு இனிப்பாக இருக்கவும், நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றில் பிராந்தியைச் சேர்க்கும் முறை நிலைபெற்றது. 'போர்ட் பாணி' என்று இன்று கற்பிக்கப்படுவது டோரோ மண்ணுக்கு எவ்வளவு கடன்பட்டதோ, அவ்வளவு கடன் ஆங்கிலச் சுங்கவரிக்கும் பட்டது.

மதீரா தீவின் கதை இன்னும் விசித்திரமானது. அட்லாண்டிக் கடலில், கப்பல்கள் நீரும் உணவும் ஏற்றிச் செல்லும் வழியில் இருந்த அத்தீவின் ஒயின், வெப்ப மண்டலத்தைக் கடக்கும் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெந்து புழுங்கியது. கெட்டிருக்க வேண்டிய அது மேம்பட்டுத் திரும்பியது. போய்வந்த ஒயினுக்கென்று தனிப்பெயரும் தனிவிலையும் உண்டாயின. பின்னாளில் கப்பலில் அனுப்பும் செலவைத் தவிர்க்க, தீவிலேயே பீப்பாய்களை வெயில் காயும் பரண்களில் வைத்தும் தொட்டிகளில் சூடேற்றியும் அந்தப் பயணத்தை நடித்துக் காட்டும் முறை ஏற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் விரும்பிக் குடித்ததும் மதீராவே. ஒரு தீவின் மதுவுக்குத் தனிப்பாணியைத் தந்தது தீவு அன்று. தீவை விட்டு நீங்கிய பயணம்.

போர்தோவும் விலக்கன்று. 1152இல் அக்கித்தேனின் எலியனோர் பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான ஹென்றியை மணந்ததிலிருந்து அத்துறையின் ஒயின் ஆங்கிலச் சந்தையை நோக்கியே வளர்ந்தது. அதன் புகழ்பெற்ற 1855ஆம் ஆண்டுத் தரவரிசையோ மண்ணாய்வினாலோ சுவையாய்வினாலோ அமைந்ததன்று. ஒவ்வொரு தோட்டத்தின் சரக்கும் அதுவரை என்ன விலைக்குப் போனது என்று தரகர்கள் வைத்திருந்த கணக்கினால் அமைந்தது. ஷாம்பேனின் குமிழியைப் பற்றிய பெருமையிலும் ஆங்கிலேயருக்குப் பங்குண்டு: டோம் பெரிஞோன் ஓவில்லே மடத்துக்கு வந்த 1668க்கு ஆறாண்டுகள் முன்னரே, ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தைக் கிறிஸ்டோபர் மெரெட் இலண்டன் ராயல் சொசைட்டியில் குறிப்பிட்டுவிட்டார்.

தமிழகக் கடற்கரையும் இந்த வரலாற்றின் வெளியே நின்றதில்லை. அரிக்கமேட்டில் கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் மிகுதி என்று காட்டினார். கோஸ் ஒயினின் தனித்தன்மை அதில் கடல்நீர் கலக்கப்பட்டதாகும். அது சரக்கைக் கெடாமல் காத்தது. இத்தாலியிலேயே கோஸ் ஒயின் செய்துகொள்ளும் வழியை உரோமானியர் காட்டோ தம் வேளாண்மை நூலில் எழுதிவைத்தார். அரிக்கமேட்டுச் சாடிகளுள் இத்தாலியில் செய்த கோஸ் போலிகளும் உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வட்டாரத்தின் பாணி நகலெடுக்கப்பட்டு வங்கக் கடலோரம் வரை வந்திறங்கியது என்பது சாதாரணச் செய்தியன்று. செங்கடல் வழிநூலான பெரிப்ளூஸ், பாரிகாசா துறையில் இத்தாலிய ஒயினுக்கு முதலிடமும் லவோதிகேயா, அரேபிய ஒயின்களுக்கு அடுத்த இடமும் இருந்ததைப் பதிவுசெய்கிறது. யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்கு உரியதாக நக்கீரர் பாடும் புறநானூற்றுப் பாட்டையும் இவற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அக்காலத்துத் தமிழுக்குத் தன் சொந்த மதுவகைகளைப் பிரித்தறியும் சொற்களும் குறைவில்லை. நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று அவை நீளும். நெல்லில் ஊறும் தோப்பி வேறு. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள் வேறு. தெளிந்திறுத்த தேறல் வேறு. இதைக் கண்டு மகிழ்ந்து, 'டெர்வாரை நாங்கள் திணை என்று எப்போதோ சொல்லிவிட்டோம்' என்று எழுதும் வழக்கம் அண்மையில் பெருகியிருக்கிறது. இவ்வொப்புமை கவர்ச்சியானது; ஆயினும் தவறானது. திணை ஒரு பாடல் மரபு. எல்லைக்கல்லோ விளைவிப்போரின் உரிமையோ அதில் இல்லை. குறிஞ்சியின் தேன்கள்ளைப் பாடிய புலவருக்கு, அந்தக் கள்ளை எந்த மலையில் எவர் எடுத்தார் என்பது வழக்காடும் பொருளாக இருந்ததில்லை. டெர்வார் என்னும் சொல் இன்று குறிப்பதோ முதலில் ஒரு வழக்கு, பிறகுதான் சுவை.

அந்த வழக்கு எங்கே தொடங்கியது என்பதைப் பார்த்தால் தமிழகத்துக்கு நேரான பாடம் கிடைக்கும். அது கலப்படத்தில் தொடங்கியது. டோரோவில் சாயத்துக்காக எல்டர் பழச்சாற்றைக் கலந்து விற்றதால் விலை சரிந்தபோது, 1756இல் பொம்பால் பிரபு அவ்வட்டாரத்தை வரையறுத்தார். பின்னர் எல்லையில் கருங்கற்கள் நடப்பட்டன. எல்டர் மரங்கள் வேரோடு களையப்பட்டன.  பிரான்சில் பைலோக்சரா பூச்சி கொடிகளை அழித்த பிறகு, உலர்திராட்சையிலும் சர்க்கரையிலும் ஊறிய போலி ஒயின் பெருகியது. 1889ஆம் ஆண்டுச் சட்டம் ஒயின் என்பது திராட்சை நொதித்ததே என்று வரையறுக்க நேர்ந்தது. அதுவும் போதவில்லை. 1907இல் லாங்கெடாக் உழவர்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். நார்போனில் படை சுட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படை கலகம் செய்தது. 1911இல் ஷாம்பேனில் எல்லை வகுப்பதைக் குறித்தே கலவரம் மூண்டது. இவ்வளவு குருதிக்கும் நெருப்புக்கும் பின்னர்தான் 1935இல் பெயருரிமை முறை முழு வடிவம் பெற்றது. விடுதி மேசையில் நாகரிகத்தின் அடையாளமாக ஏந்தப்படும் அந்தச் சீட்டுக்குப் பின்னால் நிற்பது உழவர் கிளர்ச்சி.

தமிழகத்தில் கலப்படத்துக்குக் கிடைத்த மருந்து வேறு. மதுவிலக்கின் அறவலிமையை இங்கே குறைத்துப் பேசுவது நேர்மையாகாது, 1921இல் ஈ.வெ.ரா. தமக்குரிய தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தது தன் வருவாயைத் தானே துறந்த செயல். 1937இல் சேலத்தில் தொடங்கிய சட்டம் வந்தும் போயும், 1971இல் தளர்ந்தும், 1974இல் இறுகியும், 1981இல் மீண்டும் தளர்ந்தும் நடந்தது. ஆனால் 1987 தொடக்கத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டபோது, கூடவே எல்லா மதுவும் நீங்கவில்லை. 1983இல் அமைந்த டாஸ்மாக் நிறுவனம் மொத்த வணிகத்தில் இருந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. மரத்திலிருந்து இறங்கும் மது குற்றமாயிற்று. ஆலையிலிருந்து இறங்கும் மது கருவூலமாயிற்று. கள்ளில் கலப்படம் நடந்தது உண்மை. அதற்காகக் கள்ளையே விலக்கியது, எல்டர் மரத்துக்குப் பதிலாகத் திராட்சைக் கொடியைப் பிடுங்கியதற்கு ஒப்பு. கள்ளக்குறிச்சியில் 2024இல் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது பாளையில் சுரந்த கள் அன்று, மெத்தனால்.

இவ்விடத்தில் கள்ளின் இயல்பைக் கருத வேண்டும். உலக மதுக்களுள் இடத்தோடு மிக இறுகப் பிணைந்தது ஒருவேளை இதுவாகத்தான் இருக்கும். திராட்சையைப் பறித்து ஆலைக்குக் கொண்டுசெல்லலாம். பாளையின் சாறு கலயத்தில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடுகிறது. ஈஸ்ட்டை எவரும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கலயத்தின் சுவரிலும் பாளையின் மேலும் இருப்பவையே வேலை செய்கின்றன. காலையில் இனிப்பாக இருப்பது மாலைக்குள் கடுக்கிறது, மறுநாள் புளிக்கிறது, பின்னர் காடியாகிவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீர். பாளையை எத்தனை நாள் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்துவது, எவ்வளவு மெல்லிதாகச் சீவுவது, ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் கைப்பக்குவம் எவ்வாறு மாறும் என்பவை பனையேறியின் உடலில் இருக்கும் அறிவு. 'ஒருமரத்துக் கள்' என்று தென்மாவட்டங்களில் போற்றப்படுவதை எண்ணிப் பார்க்கலாம். பிற மரத்துச் சாறு கலவாமல் ஒரே மரத்தில் இறக்கியதை ஒரு மண்டலம் குடித்தால் உடல் தேறும் என்பது நாட்டு வழக்கு. மருத்துவத்தை ஒதுக்கிவிட்டு, சுவைப் பகுப்பை மட்டும் கருதினாலும் வியப்பே. பர்கண்டியின் புகழ் ஒற்றைத் தோட்டத்தோடு நின்றுவிட்டது; பனையேறி ஒற்றை மரம் வரை போயிருக்கிறார்.

இவ்வளவு நுட்பம் இருந்தும் பெயர் வராமற்போனதன் காரணம், கள் கப்பலேறாது என்பதே. நிக்கோபார் தென்னங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிக்கோபாரியரின் விருந்துகளில் பன்றி இறைச்சியோடு அதற்குரிய இடம் நெடுங்காலமாக உண்டு. அத்தீவுகளின் தேங்காயும் கொப்பரையும் வணிகர் வழியே உலகை அடைந்தன, கள் அடையவில்லை. கார் நிக்கோபாருக்கும் ஜங்லிகாட்டுக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல். அவ்வளவு தொலைவைக் கப்பலில் கடந்து வருவதற்குள் அது வேறொரு பொருளாகியிருக்கும். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை நிக்கோபாரின் தென்னந்தோப்புகளைப் பெருமளவில் அழித்தபோது, இழப்பு தேங்காய்க் கணக்கிலும் கொப்பரைக் கணக்கிலும் மதிப்பிடத்தக்கதாக இருந்தது. தோப்போடு போன மதுவுக்குச் சந்தை விலை இல்லாததால் அது எந்தக் கணக்கிலும் ஏறக்கூடியதன்று.

ஜங்லிகாட்டையும் சுற்றியுள்ள போர்ட் பிளேரையும் (2024இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) நிரப்பியவர்கள் எல்லாருமே மது நினைவோடு வந்தவர்கள்தாம். 1918இல் காட்டு வேலைக்காக அழைத்துவரப்பட்ட ராஞ்சி மக்களின் சோட்டா நாக்பூர் நிலத்தில் அரிசியில் ஊறும் ஹண்டியா உண்டு. 1925இல் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்களுக்கும் அரிசி மது புதிதன்று. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து வந்த தமிழருக்குப் பனையும் தென்னையும். இத்தனை வட்டாரப் பாணிகள் ஒரே துறைமுக நகரில் கூடியதை வேறு நாட்டில் ஓர் ஆய்வுத்துறையே தொடங்கிப் பதிவுசெய்திருக்கும். இங்கே, நிலப்பரப்பிலிருந்து கப்பலில் வரும் ஊர்ப்பெயரற்ற புட்டி அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு நிறுவனமே அந்த வணிகத்தில் இருக்கிறது. வளர்ச்சி என்னும் சொல் இவ்விடத்தில் சற்றுக் கூசுகிறது.

சட்டம் நினைத்தால் இந்தியாவிலும் ஒயின் வட்டாரம் உண்டாகும் என்பதற்கு நாசிக் சான்று. மகாராட்டிர அரசின் 2001ஆம் ஆண்டுத் திராட்சைப் பதப்படுத்தல் கொள்கை வரிச்சலுகை தந்தது, ஆலைகள் பெருகின, நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிர்கால உறக்கம் இல்லாத கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, ஐரோப்பா பனியில் உறைந்திருக்கும் மாதங்களில் அறுவடை செய்யும் முறையில் அங்கே ஒரு தனிப்பாணி உருவாகக்கூடும். இதுவரை அது ஐரோப்பிய மாதிரிகளைப் பின்பற்றுவதிலேயே நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் குறியீடு வந்தது, ஆனால் பழமாக மட்டும். மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த அந்த மணமிக்க கொடி ஆண்டு முழுவதும் காய்க்கும் ஒரு நிலத்தில், அதன் மதுவைப் பற்றிய பேச்சு பெரிதாக எழாதது தமிழகத்தின் இயல்புக்கு ஏற்றதுதான்.

கோவாவின் பெனி இன்னொரு எச்சரிக்கை. 2009இல் குறியீடு பெற்றது முந்திரிப் பெனி. முந்திரி போர்ச்சுக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்த மரம். அதற்கு முன்பே அக்கரையில் இருந்த தென்னையின் பெனி பின்தங்கியது. குறியீடு வந்த பிறகும் கலால் சட்டம் பெனியை 'நாட்டுச் சாராயம்' என்ற பட்டியலிலேயே வைத்திருந்ததால் வெளி மாநிலங்களில் விற்பதற்குத் தடை நீடித்தது; 2016இல் 'மரபுப் பானம்' என்று அறிவித்த பின்னரே அந்தப் பட்டியல் மாறியது. ஒரு துறை தரும் பெயரை இன்னொரு துறை பறிக்கும் நாடு இது.

பெயர் சூட்டுவதைக் குடியைப் போற்றுவதாகக் கொள்ளும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட இயலாது. தென்னாப்பிரிக்காவின் கேப் வட்டாரம் உலகப் புகழ்பெற்ற ஒயினைத் தந்த அதே காலத்தில், தோட்டத் தொழிலாளருக்குக் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் 'டோப்' முறை தலைமுறைகளை அழித்தது. கருவிலேயே குடியால் ஊறுபட்ட குழந்தைகள் அங்கே இன்றும் பிறக்கின்றன. ஊர்ப்பெயர் பொறித்த புட்டி தொழிலாளரைக் காப்பதில்லை. எனவே கேட்க வேண்டியது, பெயர் எவர் கையில் இருக்கும் என்பது. பனங்கள்ளின் பெயருரிமை மரமேறுவோரின் கூட்டுறவிடம் இருந்தால் அது லாங்கெடாக் உழவர் கேட்டதற்கு நிகர். ஒரு மதுபான ஆலையிடம் போனால் டாஸ்மாக்கின் அடுக்கில் இன்னொரு புட்டி. கேரளத்தில் கள் சட்டப்படி இறக்கப்படுகிறது, தொழிற்சங்கமும் உண்டு. ஆனால் பல மாவட்டக் கடைகளுக்குச் சித்தூர் வட்டாரத்திலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்பப்படுகிறது. தொலைவு கூடும்தோறும் கலப்பட ஐயமும் கூடுகிறது. கள்ளுக்கு உரிய சட்டம் ஷாம்பேன் சட்டத்தின் நகலாக இருக்க இயலாது. மரத்துக்கும் கடைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கும் சட்டமாக அது இருக்க வேண்டும்.

நிக்கோபார் கள்ளைப் பொறுத்தவரை அந்த அளவுக்கும் போக வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அமைந்த நிலத்தில், அது விற்பனைக்கு வர வேண்டும் என்று வெளியார் ஆசைப்படுவது வணிக ஆசையே. பதிவுசெய்வது வேறு, அதையும் அவர்கள் இசைவோடும் அவர்கள் மொழியிலும் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுப் பனங்கள்ளுக்கு இப்போது குறியீடு கேட்டு விண்ணப்பிக்க எவரேனும் முன்வந்தால், முதல் தடை மதுவிலக்குச் சட்டமாக இருக்கும். இரண்டாவது தடை காகிதம். விளையும் எல்லை, செய்முறை, தனித்தன்மை, வரலாற்றுச் சான்று ஆகியவற்றை விண்ணப்பம் கேட்கும். ஷாம்பேனுக்கு மடத்துக் கணக்கேடுகள் இருந்தன. போர்தோவுக்குத் தரகர் விலைப்பட்டியல் இருந்தது. போர்ட்டுக்குச் சுங்கக் கணக்கு இருந்தது. பனங்கள்ளுக்கு 1987க்குப் பிந்தைய எழுத்துச் சான்று பெரும்பாலும் ஒரே வகையினது: எந்த ஊரில், எந்தத் தோப்பில், எத்தனை லிட்டர் கைப்பற்றி அழிக்கப்பட்டது என்னும் காவல்நிலையக் குறிப்பு. ஊர்ப்பெயரும் மரத்தின் வகையும் அளவும் இறக்கியவர் பெயரும் அவற்றில் துல்லியமாகவே எழுதப்பட்டிருக்கும்.